ஜாக்கி கோல்ட்பெர்க்: ஒரு டீச்சரும் மூன்றில் இரண்டு பங்கும்

2023 ஜூனில் ஒரு வீடியோ நிறைய சுற்றியது. லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி வாரியக் கூட்டம். தலைவர் நாற்காலியில் 78 வயது அம்மா ஒருவர். கையில் சின்னக் குழந்தைகளுக்கான படப் புத்தகம். பக்கத்தைத் திருப்பித் திருப்பி, வகுப்பில் வாசிப்பது போலவே வாசிக்கிறார். குடும்பங்கள் எத்தனை விதம் என்று சொல்லும் அந்தப் புத்தகத்தை ஒரு தொடக்கப் பள்ளியில் வாசிக்கக்கூடாது என்று வெளியே போராட்டம் நடந்து முடிந்திருந்தது. அதற்கு அவருடைய பதில் இது: முழுசாக வாசித்துக் காட்டிவிட்டார்.

அவர் பெயர் ஜாக்கி கோல்ட்பெர்க். அந்த வீடியோவை வைத்து அவரைப் புகழ்ந்தவர்களும் திட்டியவர்களும் உண்டு. இரண்டு கூட்டத்துக்கும் அவரைப் பற்றி ஏற்கனவே ஒரு சித்திரம் இருக்கிறது. ஒரு பக்கம், 1964 பெர்க்லி மாணவர் போராட்டத்திலிருந்து நேராக வந்த போராளி. மறுபக்கம், ஆசிரியர் சங்கத்தின் ஊதுகுழல். இரண்டுமே அவருடைய பேச்சை வைத்து வரைந்தவை. நான் சில மாதங்களாக வேறு ஒரு வேலை செய்தேன். அவர் வகித்த பதவிகளை வரிசையாக எழுதி, ஒவ்வொன்றிலும் எது நிலைத்தது, எது கரைந்துபோனது என்று குறித்துக்கொண்டு வந்தேன். எனக்குக் கிடைத்த படம் அந்த இரண்டிலும் இல்லாதது.

முதலில் வரிசை. காம்ப்டன் என்கிற, லாஸ் ஏஞ்சலிஸை ஒட்டிய ஏழை ஊரில் பதினைந்து வருஷத்துக்கு மேல் பள்ளி ஆசிரியர். 1983 முதல் 1991 வரை லாஸ் ஏஞ்சலிஸ் பள்ளி வாரிய உறுப்பினர், கடைசியில் அதன் தலைவர். 1993ல் நகர மன்றத்துக்குத் தேர்வு. ஹாலிவுட், எக்கோ பார்க் பகுதிகள் அடங்கிய 13வது தொகுதி. 2000 முதல் 2006 வரை கலிஃபோர்னியா சட்டமன்றத்தின் கீழவை. 2019ல், 74 வயதில், மறுபடியும் பள்ளி வாரியம். 2024 கடைசியில் ஓய்வு.

இங்கே ஒரு விளக்கம் தேவை. நம் ஊரில் மாநகராட்சிப் பள்ளி என்று சொல்லிப் பழகியவர்களுக்கு இது குழப்பும். லாஸ் ஏஞ்சலிஸில் நகர மன்றத்துக்கும் பள்ளிகளுக்கும் நிர்வாகத் தொடர்பு கிடையாது. பள்ளிகளுக்கென்று தனியாக ஏழு பேர் கொண்ட வாரியம், அதற்குத் தனித் தேர்தல். நகர மன்றத்தில் பதினைந்து பேர். சாலை, குப்பை, போலீஸ், விமான நிலையம், துறைமுகம் எல்லாம் இவர்கள் கையில். கரும்பலகை ஒன்று வாங்கும் அதிகாரம்கூட இவர்களுக்கு இல்லை. ஆக, ஒரு ஆசிரியர் நகர மன்றத்துக்குப் போவது என்றால் கல்வியை விட்டு விலகிப் போவது என்றுதான் அர்த்தம்.

அப்படி விலகிப் போன இடத்தில்தான் அந்த ஆசிரியர் செய்ததில் மிக உறுதியானது நின்றது. கல்விக்கென்றே இருக்கும் பதவிகளில் செய்ததில் பெரும்பகுதி நிற்கவில்லை. இது ஏன் என்பதுதான் என்னைப் பிடித்துக்கொண்ட கேள்வி.

பதிலின் பெரும்பகுதி 1978 ஜூனில் இருக்கிறது. அந்த மாதம் கலிஃபோர்னியா மக்கள் நேரடி வாக்கெடுப்பில் ப்ராப் 13 என்ற அரசியல் சட்டத் திருத்தத்தை நிறைவேற்றினார்கள். கிட்டத்தட்ட 65 சதவீத ஆதரவு. சொத்து வரி, மதிப்பில் 1 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. மதிப்பும் 1975ஆம் வருஷக் கணக்குக்கு இறக்கப்படும். அதன்பின் வருஷத்துக்கு 2 சதவீதத்துக்கு மேல் ஏறக்கூடாது, சொத்து கைமாறினால்தான் சந்தை விலை. வீட்டுக்கு மட்டுமல்ல, எண்ணெய்க் கம்பெனிக்கும் ஷாப்பிங் மாலுக்கும் இதே சலுகை. ஒரே வருஷத்தில் சொத்து வரி வருமானம் பாதிக்கு மேல் விழுந்தது. அதோடு இன்னொரு வரி: உள்ளூர் அமைப்பு ஒரு குறிப்பிட்ட செலவுக்கென்று புதுசாக வரி போட வேண்டுமானால் வாக்காளர்களில் மூன்றில் இரண்டு பங்கு சம்மதிக்க வேண்டும்.

பள்ளிகள் அதுவரை பெரும்பாலும் உள்ளூர் சொத்து வரியில் ஓடிக்கொண்டிருந்தவை. அதற்குப் பிறகு பணம் மாநிலத் தலைநகர் சாக்ரமெண்டோவிலிருந்து வந்தாக வேண்டும். வாரியத்துக்குத் தேர்தல் இருக்கிறது, பட்ஜெட் இருக்கிறது, சங்கத்தோடு ஒப்பந்தம் போடும் கடமை இருக்கிறது. வருமானத்தை உயர்த்தும் வழி மட்டும் இல்லை. சர்வர் யார் கையிலோ இருக்க, பயன்படுத்துகிறவர்கள் முன்னால் நின்று திட்டு வாங்கும் சப்போர்ட் டீம் மாதிரி. கோல்ட்பெர்க் 1983ல் வந்து உட்கார்ந்த நாற்காலி இப்படிப்பட்டது.

1989 மே மாத ஆசிரியர் வேலைநிறுத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்பது பள்ளி நாட்கள். இருபதாயிரத்துக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் வெளியே. முடிவில் வருஷத்துக்கு 8 சதவீதம் வீதம் மூன்று வருஷத்துக்கு உயர்வு. வாரியத்தில் ஆசிரியர்கள் பக்கம் சாய்ந்தவர்களில் கோல்ட்பெர்க் முக்கியமானவர். வெற்றி என்றுதான் அன்று எல்லோரும் எழுதினார்கள். அடுத்து என்ன ஆனது? தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கலிஃபோர்னியாவில் பொருளாதாரச் சரிவு. மாநிலப் பணம் சுருங்கியது. வாரியம் வெட்டு மேல் வெட்டு போட்டது. 1993க்குள் அதே ஆசிரியர்கள் சுமார் 10 சதவீதச் சம்பளக் குறைப்பை ஏற்க வேண்டி வந்தது. அந்தப் பேச்சுவார்த்தையை முடித்துவைக்கவும் சட்டமன்ற சபாநாயகர் வில்லி பிரவுன் வரவேண்டியிருந்தது. பணம் இருக்கும் இடத்திலிருந்து ஆள் வந்துதான் சண்டை தீர்ந்தது. கோல்ட்பெர்க் அதற்கு முன்பே, 1991ல், வாரியத்தை விட்டுப் போயிருந்தார்.

அவர் மேல் எனக்கு இருக்கும் முதல் புகார் இங்கே. இல்லாத பணத்தை மூன்று வருஷத்துக்கு வாக்குக் கொடுத்தது தவறு என்று அன்றே சொன்னவர்கள் இருந்தார்கள். அவர்கள் எல்லோரும் ஆசிரியர் விரோதிகள் இல்லை. பொருளாதாரம் சரியும் என்று 1989ல் யாருக்கும் தெரியாது என்பது உண்மைதான். ஆனால் வருமானத்துக்கு ஏணி இல்லாத வாரியம் ஒன்று நல்ல காலத்தை நம்பி மூன்று வருஷ ஒப்பந்தம் போடுவது, மழை வரும் என்று நம்பி ஏரியைத் திறந்துவிடுகிற கதை.

இனி நகர மன்றம். 1997ல் லாஸ் ஏஞ்சலிஸ் ஒரு வாழ்வூதியச் சட்டம் போட்டது. முன்னின்று கொண்டுவந்தவர் கோல்ட்பெர்க். யோசனை அவருடையது மட்டும் அல்ல, பால்டிமோர் 1994லேயே செய்தது. லாஸ் ஏஞ்சலிஸில் தொழிற்சங்கங்களும் சர்ச்சுகளும் சேர்ந்து பெரிய கூட்டணி கட்டியிருந்தன. சட்டம் சொன்னது எளிது. நகரத்தோடு சேவை ஒப்பந்தம் வைத்திருக்கிற, அல்லது நகரத்திடம் பெரிய நிதியுதவி வாங்குகிற நிறுவனம், தன் தொழிலாளிக்கு மருத்துவக் காப்பீட்டோடு மணிக்கு 7.25 டாலர், காப்பீடு இல்லையென்றால் 8.50 டாலர் கொடுக்க வேண்டும். சம்பளத்தோடு 12 நாள் விடுப்பும். அந்த வருஷ மார்ச்சில் மாநிலக் குறைந்தபட்சக் கூலி 5 டாலர்தான் என்பதை வைத்துப் பாருங்கள். மேயர் ரிச்சர்ட் ரியார்டன், தொழிலதிபர், வீட்டோ செய்தார். மன்றம் அதை மீறி நிறைவேற்றியது.

எனக்குப் பிடித்தது அதற்குப் பின்னால் நடந்தது. விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனை செய்பவர்கள், சக்கர நாற்காலி தள்ளுபவர்கள் எல்லாம் விமானக் கம்பெனிகளின் ஒப்பந்தக்காரர்களிடம் வேலை பார்ப்பவர்கள். எங்களுக்கும் நகரத்துக்கும் இருப்பது குத்தகை, சேவை ஒப்பந்தம் இல்லை, ஆகவே சட்டம் எங்களைக் கட்டாது என்றன கம்பெனிகள். 1998ல் மன்றம் சட்டத்தைத் திருத்தி அந்த ஓட்டையை அடைத்தது. கூலி ஒவ்வொரு ஜூலையிலும் தானாக உயரும் ஏற்பாடும் இருந்ததால் பணவீக்கம் அதைத் தின்னவில்லை. சட்டம் போட்டதும் போட்டோ எடுத்துவிட்டுப் போகிற அரசியல்வாதிகள் நிறைய. ரிலீஸுக்கு அப்புறம் உட்கார்ந்து பேட்ச் போடுகிறவர்கள் குறைவு. சட்டம் இன்றும் இருக்கிறது.

இது ஏன் நின்றது? புதுசாக ஒரு பைசா வரி போட வேண்டியிருக்கவில்லை. நகரத்தின் பணம் ஏற்கனவே ஒப்பந்தங்கள் வழியாக ஓடிக்கொண்டிருந்தது. இவர்கள் அந்த ஓட்டத்துக்கு ஒரு நிபந்தனை வைத்தார்கள், அவ்வளவுதான். மன்றத்தில் பெரும்பான்மையும் வீட்டோவைத் தாண்டும் ஓட்டும் போதும். மூன்றில் இரண்டு பங்கு ஊர் மக்களிடம் போகவேண்டியதில்லை. இதைப் பள்ளிக்குச் சம்பந்தமில்லாத விஷயமாகப் பார்ப்பது சரியில்லை என்பது என் கருத்து. காம்ப்டன் மாதிரி ஊரில் வகுப்பெடுத்தவருக்கு, இரண்டு வேலை பார்க்கும் அம்மாவின் பிள்ளை வீட்டுப்பாடம் எப்படிச் செய்துவரும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வகுப்பறைக்குள் சரிசெய்ய முடியாததை வகுப்பறைக்கு வெளியே சரிசெய்யப் போனார் என்றே நான் வாசிக்கிறேன். அவர் அப்படிச் சொன்னாரா என்பது வேறு விஷயம்.

இதே உத்தியின் சந்தேகத்துக்குரிய முகமும் உண்டு. ஹாலிவுட் அண்ட் ஹைலண்ட் என்ற பிரம்மாண்ட வணிக வளாகம் அவர் தொகுதியில்தான் வந்தது. இன்று ஆஸ்கர் விழா நடக்கும் அரங்கு அதற்குள் இருக்கிறது. நகரம் அதற்குக் கோடிக்கணக்கான டாலர் உதவி செய்தது. கட்டுநரிடமிருந்து உள்ளூர் ஆட்களுக்கு முன்னுரிமை, வாழ்வூதியம் போன்ற வாக்குறுதிகளை 1998ல் கோல்ட்பெர்க் பேசி வாங்கினார். பின்னால் நாடு முழுக்கப் பரவிய சமூகப் பயன் ஒப்பந்தங்களுக்கு இது முன்னோடி என்று கொண்டாடுகிறார்கள். கொண்டாடட்டும். ஆனால் 600 மில்லியன் டாலருக்கு மேல் செலவான அந்த வளாகம் 2001ல் திறந்து, 2004ல் அதில் மூன்றில் ஒரு பங்கு விலைக்குக் கைமாறியது. சினிமா அரங்குக்கு ஊர்ப் பணம் ஏன் என்ற கேள்விக்கு நிபந்தனைகள் பதில் ஆகாது. நல்ல கூலி கொடுக்கும் மோசமான முதலீடு, மோசமான முதலீடுதான்.

அவர் விட்டுப்போன தொகுதியில் அடுத்து ஜெயித்தவர் எரிக் கார்செட்டி. பிற்பாடு மேயர், அப்புறம் இந்தியாவுக்கான அமெரிக்கத் தூதர். 2015ல் நகரம் முழுக்க எல்லா நிறுவனங்களுக்கும் 15 டாலர் குறைந்தபட்சக் கூலி என்று சட்டம் வந்தபோது அவர்தான் மேயர். 1997ன் நேர் வாரிசு அது.

சட்டமன்றத்துக்குக் கோல்ட்பெர்க் போனது பணம் இருக்கும் இடத்துக்குப் போவதுதான். கல்விக் குழுவின் தலைவராகவும் இருந்தார். ஆனால் ஆறு வருஷம்தான். 1990ல் வந்த பதவிக்கால வரம்புப்படி அன்று கீழவையில் மூன்று முறைக்கு மேல் இருக்க முடியாது. அந்த ஆறு வருஷமும் டாட்காம் சரிவு, கவர்னர் நீக்கம் என்று மாநிலம் தள்ளாடிய காலம். அங்கே அவர் பெயர் நிற்பது எதில் என்று பார்த்தால் மறுபடியும் அதே கதை. 2003ல் அவர் கொண்டுவந்த சட்டம் பதிவுசெய்த ஒருபாலினத் துணைவர்களுக்குத் திருமணத்துக்கு இணையான உரிமைகளில் கிட்டத்தட்ட எல்லாவற்றையும் மாநில அளவில் கொடுத்தது. நடைமுறைக்கு வந்தது 2005 ஜனவரியில். பெரிய விஷயம், சந்தேகமில்லை. ஆனால் அதற்கும் வரி தேவைப்படவில்லை. அரசுப் பள்ளி விளையாட்டு அணிகள் ‘ரெட்ஸ்கின்ஸ்’ என்ற இழிபெயரைச் சூட்டிக்கொள்வதைத் தடுக்க அவர் கொண்டுவந்த மசோதாவை 2004ல் ஷ்வார்ஸ்நேகர் வீட்டோ செய்தார். 2015ல் வேறொருவர் கொண்டுவந்து நிறைவேறியது.

இதற்கு நடுவில் ஒரு தேர்தல் நாளைக் கொஞ்சம் உற்றுப் பார்க்க வேண்டும். அவர் சட்டமன்றத்துக்கு ஜெயித்த அதே 2000 நவம்பரில் ப்ராப் 39 என்ற திருத்தமும் ஜெயித்தது. பள்ளிக் கட்டடங்களுக்குக் கடன் பத்திரம் வெளியிட மூன்றில் இரண்டு பங்கு வேண்டாம், 55 சதவீதம் போதும் என்றது. பள்ளிக்காரர்கள் இருபது வருஷமாக வேண்டிக்கொண்டது. அதே ப்ராப் 39ல் இன்னொரு ஷரத்தும் இருந்தது. பொதுப்பணத்தில், ஆனால் தனி நிர்வாகத்தில் ஓடும் சார்ட்டர் பள்ளிகளுக்கு மாவட்டம் தன் கட்டடங்களில் ஏறத்தாழ சமமான இடம் கொடுத்தாக வேண்டும். ஒரே சட்டத்தில் வரமும் வினையும். முதல் ஷரத்தால் லாஸ் ஏஞ்சலிஸ் பல பில்லியன் டாலருக்குப் புதுப் பள்ளிகள் கட்டியது. இரண்டாவது ஷரத்தோடு கோல்ட்பெர்க் தன் கடைசி ஐந்து வருஷமும் மல்லுக்கட்டினார்.

2019 ஜனவரியில் மறுபடி ஆசிரியர் வேலைநிறுத்தம். ஆறு பள்ளி நாட்கள். சம்பளத்தைவிட வகுப்பில் எத்தனை பிள்ளைகள் என்பதுதான் பெரிய பிரச்னை. ஒப்பந்தத்தில் வகுப்பளவுக்கு உச்சவரம்பு இருந்தது. நிதி நெருக்கடி என்றால் மாவட்டம் அதை மீறலாம் என்றும் ஒரு ஷரத்து இருந்தது. அதாவது வரம்பே இல்லை. அந்த ஷரத்தை நீக்கவைத்தார்கள். ஊர் மக்கள் மழையில் ஆசிரியர்களோடு நின்றார்கள். அந்த அலையில் மே மாத இடைத்தேர்தலில் கோல்ட்பெர்க் 70 சதவீதத்துக்கு மேல் வாங்கி ஜெயித்தார்.

மூன்று வாரம் கழித்து, ஜூன் 4, 2019. மெஷர் ஈஈ. கட்டடப் பரப்பில் சதுர அடிக்கு 16 சென்ட் வரி, 12 வருஷத்துக்கு. வருஷம் சுமார் 500 மில்லியன் டாலர் கிடைத்திருக்கும். சங்கமும் மாவட்ட நிர்வாகமும் ஒரே பக்கம் நின்ற அபூர்வம். தேவை மூன்றில் இரண்டு பங்கு. கிடைத்தது சுமார் 46 சதவீதம்.

இந்த எண்ணைக் கோல்ட்பெர்க்கின் ஆதரவாளர்கள் சீக்கிரம் தாண்டிப் போய்விடுகிறார்கள். ப்ராப் 13 மேல் பழி போடுவது சுலபம், நானும் மேலே அதைத்தான் செய்துகொண்டு வந்தேன். ஆனால் 46 என்றால் பாதிகூட இல்லை. சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றிருந்தாலும் தோற்றிருக்கும். நான்கு மாதத்துக்கு முன் மழையில் நின்ற ஊர், ஓட்டுப்போட வரவில்லை அல்லது வேண்டாம் என்று போட்டது.  2020 நவம்பரில் அதே வாக்காளர்களிடம் 7 பில்லியன் டாலர் கட்டடக் கடன் பத்திரத்துக்குக் கேட்டபோது 70 சதவீதத்துக்கு மேல் கிடைத்தது. கடன் பத்திரப் பணத்தைக் கட்டடத்துக்குத்தான் செலவழிக்கலாம், ஆசிரியர் சம்பளத்துக்குத் தொடமுடியாது. ஊர் செங்கல்லுக்குக் கொடுக்கிறது, டீச்சருக்குக் கொடுப்பதில்லை. இந்த வித்தியாசத்தைப் பற்றி, வேறு யாரையும்விட அதிகம் பேசியிருக்க வேண்டியவர் கோல்ட்பெர்க். பேச்சுத் திறமையில் அவருக்குக் குறையில்லை. ஆனால் இரண்டாவது முறை வாரியத்துக்கு வந்தபின் அந்தத் திறமை பெரும்பாலும் சார்ட்டர் சண்டைக்கே போனது.

அந்தச் சண்டையிலும் அவர் பக்கம் நியாயம் இல்லாமல் இல்லை. ஒரே வளாகத்தில் இரண்டு பள்ளிகள் என்றால் நூலகம், மைதானம், ஆலோசகர் அறை எல்லாவற்றுக்கும் பங்கு. பெற்றோர் சந்திக்கும் அறையைக் காலிசெய்து கொடுத்த பள்ளிகள் உண்டு. 2024 பிப்ரவரியில் வாரியம் 4-3 என்ற ஓட்டில், மிகவும் பின்தங்கிய சுமார் 350 பள்ளிகளில் சார்ட்டர்களை முடிந்தவரை வைக்கக்கூடாது என்று கொள்கை வகுத்தது. அப்போது இப்படிப் பகிரப்பட்ட வளாகங்கள் ஐம்பதைச் சுற்றித்தான். சார்ட்டரில் படிப்பதும் பெரும்பாலும் அதே ஏழை லத்தீனோ குடும்பங்களின் பிள்ளைகள். மாணவர் எண்ணிக்கை 7 லட்சத்துக்கு மேலிருந்து 4 லட்சத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிட்ட மாவட்டத்தில், காலி அறைக்காக இரண்டு ஏழைக் கூட்டங்கள் மோதிக்கொள்கின்றன. அதில் ஒரு பக்கத்துக்கு மட்டும் வக்கீலாக நிற்பது, வாரியத் தலைவராக இருந்தவர் செய்ய வேண்டிய வேலையா என்பது எனக்குச் சந்தேகம்.

கோவிட் காலத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். 2020 மார்ச்சில் மூடிய வகுப்பறைகள் தொடக்கப் பள்ளிக் குழந்தைகளுக்கு 2021 ஏப்ரலில்தான் திறந்தன. வீட்டில் வயதானவர்களோடு நெருக்கியடித்து வாழும் பகுதிகளில் பயம் நிஜமானது, தெரியும். ஆனால் அந்த ஒரு வருஷம் யார் பிள்ளைகளிடமிருந்து எதைப் பறித்தது என்று காம்ப்டன் டீச்சரிடம் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன்.

அவரைக் குறைத்துச் சொல்வதாகச் சிலருக்குத் தோன்றலாம். மூன்று அவைகளில் இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் உட்கார்ந்து, எங்கே போனாலும் அடித்தட்டு ஆளின் கணக்கையே பார்த்த அரசியல்வாதிகளை விரல்விட்டு எண்ணலாம். விமான நிலையத்தில் சக்கர நாற்காலி தள்ளுகிற ஒருவரின் சம்பளச் சீட்டில் இருபத்தைந்து வருஷம் கழித்தும் தெரிகிற மாதிரி எதையாவது செய்த கவுன்சிலர்கள் எத்தனை பேர்? அந்த அளவுகோலை அவரே வைத்துக் கொடுத்ததால்தான் பள்ளி வாரியத்தில் அவர் செய்ததையும் அதை வைத்தே அளக்கிறேன்.

2024 நவம்பர் தேர்தலில் அவர் இடத்துக்குக் கார்லா கிரீகோ வந்தார். அவரும் ஆசிரியர், சங்கத்தின் ஆதரவு பெற்றவர். அதே வாக்குச்சீட்டில் மாவட்டம் 9 பில்லியன் டாலருக்குக் கடன் பத்திரம் கேட்டது. கட்டடங்களுக்கு. ஜெயித்தது.